41-வது மணி நேரம் யாரோடது?

ராத்திரி ரெண்டு மணி. அமெரிக்காவில் ஏதோ ஒரு ஏரிக்கரை கேம்ப். ஒன்பது வயசு வாண்டு ஒருத்தன் 'அம்மாகிட்ட போகணும்'னு அழறான். எழுந்து வந்து அவனைத் தட்டித் தூங்க வைக்கிற அண்ணனுக்கு அந்த அரை மணி நேரம் வேலையா, தூக்கமா? சிரிக்காதீங்க பாஸ்... அந்த ஊர் ஓவர்டைம் விதியில இதுக்கு நிஜமாவே பதில் இருக்கு! 24 மணி நேரமோ அதுக்கு மேலயோ தொடர்ந்து டியூட்டியில் இருக்கறவங்களுக்கு, ரெண்டு தரப்பும் ஒத்துக்கிட்டா, 8 மணி நேரம் வரை தூக்கத்தைக் கழிச்சுக்கலாம். நடுவுல எழுப்பினா அது வேலை. 5 மணி நேரம்கூடத் தூங்க முடியலைன்னா ராத்திரி முழுக்கவே வேலைக் கணக்கு!

1938-ல் வந்த நியாயமான தொழிலாளர் தரச் சட்டம்தான் இதுக்கெல்லாம் தாத்தா. வாரத்துக்கு 40 மணி நேரம் தாண்டினா, ஒண்ணரை மடங்கு கூலி. ஆனா நிர்வாகி, அதிகாரி ரக வேலையில் மாதச் சம்பளம் வாங்கறவங்களுக்கு இது கிடையாது. அந்த விலக்குக்கு வேலையின் தன்மையோட சம்பளமும் ஒரு கோட்டைத் தாண்டணும். 2004-லிருந்து அந்தக் கோடு வாரம் 455 டாலர்தான். சிக்கலே அங்கதான்!

4-ஹெச் (4-H) தெரியுமா? நாலு இலை க்ளோவர் சின்னம், அரசுப் பல்கலைக்கழகங்களின் விரிவாக்கப் பிரிவு மூலமா நடக்கிற பிரமாண்டமான இளைஞர் அமைப்பு. பகல்ல ஆபீஸ், சாயங்காலம் கிளப் மீட்டிங், சனிக்கிழமை கண்காட்சி, கோடையில் கேம்ப். இப்படி ஓடுற ஒரு ஊழியருக்கு வருஷம் 36,000 டாலர் சம்பளம்னு வெச்சுக்குவோம். கேம்ப் வாரத்தில் 60 மணி நேரம் உழைச்சாலும் ஒரு பைசா கூடுதலா வராது. 'பசங்க மேல பாசம் இருக்கறவங்க மணி பார்ப்பாங்களா?' என்று கேட்டே காலத்தை ஓட்டியிருக்காங்க. பாசத்துக்கு வாடகை கட்ட முடியாதே!

2016 மே மாதம் ஒபாமா அரசு அந்தக் கோட்டை வாரம் 913 டாலர், அதாவது வருஷம் 47,476 டாலர் என்று தூக்கி வைத்தது. டிசம்பர் 1-லிருந்து அமல். நம்ம ஆளு இப்போ கோட்டுக்குக் கீழே! அவர் சம்பளம் 40 மணி நேரத்துக்கானதுன்னு வெச்சா, அந்த 60 மணி நேர வாரத்துக்குக் கூடுதலா சுமார் 519 டாலர் கொடுக்கணும்.

நிர்வாகங்கள் கால்குலேட்டரைத் தூக்கினாங்க. கோட்டுக்குப் பக்கத்தில் இருக்கறவருக்குச் சம்பளத்தை உயர்த்திடலாம். மத்தவங்களை மணிக்கணக்குக்கு மாத்தலாம். சனிக்கிழமை கண்காட்சி இருந்தா அதே வாரம் செவ்வாய், புதன்ல பாதி நாள் லீவு விடலாம். 'அடுத்த வாரம் எடுத்துக்கோ'ன்னா செல்லாது, ஒவ்வொரு வாரமும் தனிக் கணக்கு. அரசு அமைப்புகளுக்கு மட்டும் ஒரு சலுகை: காசுக்குப் பதில் விடுமுறை தரலாம், ஒரு மணி நேரத்துக்கு ஒண்ணரை மணி நேரம். தனியார் தொண்டு நிறுவனத்துக்கு அது கிடையாது. 'நாற்பதுக்கு மேல நான் வாலண்டியரா வர்றேனே'ன்னு ஊழியரே ஆசையா கேட்டாலும், தினமும் பார்க்கிற அதே வேலையை இலவசமா வாங்கக் கூடாது. ராத்திரி வீட்டிலிருந்து பெற்றோருக்கு அனுப்புற இமெயிலும் வேலைதான்.

எல்லாம் ரெடி. கடைசி நேரத்துல ட்விஸ்ட்! 21 மாநிலங்கள் போட்ட வழக்கில், நவம்பர் 22 அன்று டெக்சாஸில் ஒரு ஃபெடரல் நீதிபதி தடை போட்டார். இன்னும் ஒன்பதே நாள் பாக்கி! அவரை நியமித்ததே ஒபாமாதான் என்பது கூடுதல் மசாலா. சம்பள உயர்வுக் கடிதம் வாங்கினவங்க நிலைமையை யோசிச்சுப் பாருங்க... சில இடங்களில் கொடுத்ததைத் திரும்பப் பிடுங்க மனசு வராம அப்படியே விட்டுட்டாங்க, வேற சில இடங்களில் கோப்பை மூடிட்டாங்க.

2020-ல் கோடு 684 டாலர் ஆனது. 36,000 டாலர்காரருக்கு வாரம் 692 வருது, எட்டு டாலர் வித்தியாசத்தில் ஓவர்டைம் போச்சு! 2024 ஜூலையில் 844 ஆனது, 2025 ஜனவரியில் 1,128 ஆகணும். அதுக்குள்ள நவம்பர் 15, 2024-ல் மறுபடியும் டெக்சாஸ் கோர்ட், மறுபடியும் ரத்து, மறுபடியும் 684. அட்டவணையை ரெண்டாவது தடவையா அழிச்சு எழுதின நிர்வாகிகள் பாவம்தான். ஆனா அவங்களைவிடப் பாவம், அந்த அட்டவணையில் பேர் இருக்கறவங்க.

சரி, கோடையில் மட்டும் கவுன்சலரா வேலைக்கு வர்ற காலேஜ் பசங்க? வருஷத்தில் ஏழு மாசத்துக்கு மேல இயங்காத கேம்ப்பா இருந்தா, ஃபெடரல் சட்டப்படி ஓவர்டைம் மட்டுமில்லை, குறைந்தபட்சக் கூலியே கட்டாயமில்லை! முதல் பாராவில் எழுந்து வந்த அண்ணன் இந்த ரகமா இருந்தா, தூக்கக் கணக்கெல்லாம் அவருக்குக் கிடையாது. மாநிலச் சட்டம் ஏதாவது கை கொடுத்தாதான் உண்டு.