ஸ்ரீபெரும்புதூர் – ஒரகடம் தொழிற்பகுதியில் முகக்கவசம்: அனுபவங்களும் தொடர்வது பற்றிய கேள்வியும்

முகக்கவசம் என்பது மூக்கையும் வாயையும் மூடி, உள்ளே இழுக்கும் காற்றிலோ வெளியே விடும் காற்றிலோ உள்ள துகள்களைத் தடுக்க அணியப்படும் காப்புப் பொருளாகும். 2020 முதல் 2022 வரை கோவிட்-19 பெருந்தொற்றின்போது தமிழ்நாட்டில் இது சட்டப்படி கட்டாயமாக இருந்தது. இன்று பொது இடங்களில் பெரும்பாலோர் இதை அணிவதில்லை. ஆயினும் காஞ்சிபுரம் மாவட்டத்தின் ஸ்ரீபெரும்புதூர் – ஒரகடம் தொழிற்பகுதியில் முகக்கவசத்துக்குப் பெருந்தொற்றுக்கு முன்பும் வேலை இருந்தது, பின்பும் இருக்கிறது. எந்த இடத்தில், எதற்காக, எந்த வகையை அணிவது என்பதை இக்கட்டுரை விளக்குகிறது.

தொழிற்பகுதியின் பின்னணி

சென்னை – பெங்களூரு தேசிய நெடுஞ்சாலையில் சென்னையிலிருந்து ஏறக்குறைய 40 கிலோமீட்டர் தொலைவில் ஸ்ரீபெரும்புதூர் உள்ளது. அங்கிருந்து சிங்கப்பெருமாள்கோவில் செல்லும் சாலையும், வண்டலூர் – வாலாஜாபாத் சாலையும் சந்திக்கும் இடம் ஒரகடம். இவ்வட்டாரத்தில் இருங்காட்டுக்கோட்டை, ஸ்ரீபெரும்புதூர், ஒரகடம், வல்லம் வடகால், பிள்ளைப்பாக்கம் ஆகிய இடங்களில் சிப்காட் தொழிற்பூங்காக்கள் அமைந்துள்ளன. இருங்காட்டுக்கோட்டையில் ஹூண்டாய் ஆலை 1998இல் கார் உற்பத்தியைத் தொடங்கியது. ஒரகடத்தில் ரெனோ – நிசான் ஆலை 2010இல் திறக்கப்பட்டது. கார், லாரி, மோட்டார் சைக்கிள், டயர், கண்ணாடி, கைப்பேசி என்று பலவகைப் பொருள்கள் இங்கு உருவாகின்றன.

நிரந்தரத் தொழிலாளர், ஒப்பந்தத் தொழிலாளர், பயிற்சியாளர் ஆகியோர் ஒரே கூரையின் கீழ் ஷிப்ட் முறையில் வேலை செய்கின்றனர். பிற மாவட்டங்களிலிருந்து வந்த இளம்பெண்கள் பலர் விடுதிகளில் தங்கியுள்ளனர். ஒடிசா, பீகார், அசாம் போன்ற மாநிலங்களிலிருந்து வந்தோரும் உள்ளனர்.

பெருந்தொற்றுக்கு முன்: பொருளைக் காக்கும் கவசம்

இப்பகுதியில் முகக்கவசம் 2020இல்தான் வந்தது என்று எண்ணுவது தவறு. மின்னணுப் பாகங்களைப் பொருத்தும் தூய்மை அறைகளில் தொழிலாளர்கள் தொப்பி, அங்கி, கையுறை ஆகியவற்றுடன் முகக்கவசமும் அணிந்தே பணிபுரிவர். இங்கே கவசம் காப்பது மனிதரை அன்று, பொருளை. பேசும்போதும் தும்மும்போதும் வெளிப்படும் நுண்துளி ஒரு கேமரா வில்லையையோ மின்சுற்றுப் பலகையையோ கெடுத்துவிடக்கூடும். கார் ஆலையின் பெயின்ட் பிரிவிலும் இதே நிலைதான். ஒரு முடியோ பஞ்சு இழையோ ஈரமான வண்ணத்தின் மீது விழுந்தால் அந்த இடத்தை மீண்டும் தேய்த்துச் சரிசெய்ய வேண்டும்.

இதற்கு மாறாக, வெல்டிங், வார்ப்பு, அரைத்தல், மெருகேற்றல் ஆகிய பணிகளில் கவசம் தொழிலாளரின் நுரையீரலைக் காக்கிறது. ஆகவே ஒரே ஆலையில் இரண்டு தொழிலாளர்கள் அணியும் கவசங்கள் இரண்டு வெவ்வேறு நோக்கங்களுக்காக இருக்கலாம். பெருந்தொற்று இவற்றோடு மூன்றாவதாக ஒரு நோக்கத்தைச் சேர்த்தது. அது அருகில் நிற்கும் சக மனிதரைக் காப்பது.

முகக்கவசத்தின் வகைகள்

துணிக் கவசம்: நெருக்கமாக நெய்த துணியில் இரண்டு, மூன்று அடுக்குகளாகத் தைக்கப்படுவது. பெரிய துளிகளைத் தடுக்கும். நுண்துகள்களை ஓரளவே தடுக்கும்.

அறுவைச் சிகிச்சைக் கவசம்: நெய்யப்படாத பாலிப்ரோப்பிலீன் இழையால் ஆன மூன்று அடுக்குக் கவசம். நடு அடுக்கே வடிகட்டியாகச் செயல்படுகிறது. கன்னத்தின் இரு பக்கமும் இடைவெளி இருப்பதால் காற்று அவ்வழியாகக் கசியும்.

என்95, எஃப்எஃப்பி2 கவசங்கள்: முகத்தோடு ஒட்டிப் பொருந்துபவை. என்95 தரம் 0.3 மைக்ரான் அளவுள்ள சோதனைத் துகள்களில் குறைந்தது 95 விழுக்காட்டையும், எஃப்எஃப்பி2 தரம் 94 விழுக்காட்டையும் வடிகட்ட வேண்டும். இந்தியாவில் இத்தகைய கவசங்களுக்கான தரம் ஐ.எஸ். 9473 ஆகும். இவற்றின் இழைகளில் உள்ள நிலைமின்னூட்டமே நுண்துகள்களை ஈர்த்துப் பிடிக்கிறது. சோப்பு போட்டுத் துவைத்தாலோ சானிடைசர் தெளித்தாலோ அந்த மின்னூட்டம் குறைந்துவிடும். தாடி இருந்தாலும் பொருத்தம் கெட்டுவிடும்.

வேதிக்கலன் பொருத்திய கவசங்கள்: பெயின்ட், தின்னர் போன்றவற்றின் ஆவியை உறிஞ்சும் கரி நிரம்பிய கலன்களைக் கொண்டவை. என்95 கவசம் துகளைத் தடுக்குமே தவிர ஆவியைத் தடுக்காது. இந்த வேறுபாட்டை அறியாமல், 'கவசம் போட்டிருக்கிறோம்' என்ற நம்பிக்கையில் தின்னர் ஆவிக்கு நடுவே நிற்பது ஆபத்தானது.

சுவாசக் குழல் உள்ள கவசங்களில் வெளிவிடும் காற்று வடிகட்டப்படாமல் வெளியேறுகிறது. அதனால் அவை அணிபவரை மட்டுமே காக்கும். தொற்றைத் தடுக்க இவற்றைப் பயன்படுத்த வேண்டாம் என்று 2020 ஜூலையில் மத்திய சுகாதார அமைச்சகம் அறிவுறுத்தியது.

வரலாற்றுக் குறிப்பு

தொற்றுநோய்க்கு எதிராக முகக்கவசத்தைப் பெரிய அளவில் பயன்படுத்திய முன்னோடி, பினாங்கில் பிறந்த மருத்துவர் வூ லியன்-தே. 1910–11இல் மஞ்சூரியாவில் பரவிய நுரையீரல் பிளேக் காற்று வழியாகப் பரவுகிறது என்று கூறி, பஞ்சும் மெல்லிய துணியும் கொண்ட கவசத்தை மருத்துவப் பணியாளர்கள் அணியச் செய்தார். 1918 இன்ஃபுளுவென்சாவின்போது அமெரிக்க நகரங்கள் சில கவசத்தைக் கட்டாயமாக்கின. அப்போதும் அதற்கு எதிர்ப்பு எழுந்தது.

தமிழ்நாட்டில் கட்டாயமும் தளர்வும்

தமிழ்நாட்டின் முதல் கோவிட் தொற்று 2020 மார்ச் 7 அன்று உறுதிசெய்யப்பட்டது. ஓமனிலிருந்து திரும்பிய, காஞ்சிபுரத்தைச் சேர்ந்த ஒருவருக்கு அது கண்டறியப்பட்டது. மார்ச் 25 முதல் நாடு தழுவிய ஊரடங்கு நடைமுறைக்கு வந்தது. ஏப்ரல் 15 அன்று மத்திய உள்துறை அமைச்சகம் பொது இடங்களிலும் பணியிடங்களிலும் முகக்கவசத்தைக் கட்டாயமாக்கியது. மே மாதம் ஆலைகள் படிப்படியாகத் திறந்தபோது, கவசம் இல்லாதவர் வாசலைத் தாண்ட முடியாது என்ற நிலை உருவானது. அதே ஆண்டு செப்டம்பரில் தமிழ்நாடு பொது சுகாதாரச் சட்டம் திருத்தப்பட்டு, கவசம் அணியாதவருக்கு 200 ரூபாய் அபராதம் விதிக்கப்பட்டது. 2022 ஜனவரியில் அது 500 ரூபாயாக உயர்ந்தது.

2022 ஏப்ரல் தொடக்கத்தில் கட்டுப்பாடுகள் விலக்கப்பட்டன. சென்னை ஐ.ஐ.டி. வளாகத்தில் தொற்று பரவியதால் அதே மாதம் அபராதம் மீண்டும் அறிவிக்கப்பட்டது. 2023 ஏப்ரல் 1 முதல் அரசு மருத்துவமனைகளில் கவசம் கட்டாயம் என்று அறிவிக்கப்பட்டது. உலகளாவிய அவசரநிலை முடிந்ததாக உலக சுகாதார அமைப்பு 2023 மே 5 அன்று அறிவித்தது.

அன்றாட அனுபவங்கள்

விடியற்காலையில் கம்பெனி பஸ்ஸில் ஏறுவது முதல் ஷிப்ட் முடிந்து இறங்குவது வரை கவசம் அணிந்திருப்பது எளிதன்று. கோடையில் வியர்வையால் கவசம் நனைந்து மூக்கோடு ஒட்டிக்கொள்ளும். நனைந்த கவசத்தில் காற்று எளிதாகப் புகாது, அதனால் மூச்சு முட்டுவது போலத் தோன்றும். பாதுகாப்புக் கண்ணாடி அணிபவருக்கு ஒவ்வொரு மூச்சிலும் கண்ணாடியில் ஆவி படியும். காதுப் பட்டை உரசிக் காதின் பின்புறம் புண்ணாகும். ஹெல்மெட்டும் காதடைப்பானும் சேர்ந்தால் தொல்லை கூடும்.

பேச்சும் கடினமாகிறது. இயந்திரங்கள் இரையும் பிரிவில் உதட்டசைவைப் பார்த்தே பாதிப் பேச்சைப் புரிந்துகொள்வர். தமிழ் அறியாத வடமாநிலத் தொழிலாளருக்கும் இந்தி அறியாத தமிழ்த் தொழிலாளருக்கும் முகபாவமே பொதுமொழி. கவசம் அதை மறைத்துவிடுகிறது. செவித்திறன் குறைந்தோருக்கு இந்த இழப்பு மேலும் பெரிது.

நன்மைகளையும் பலர் உணர்ந்தனர். லாரிகள் ஓயாது செல்லும் ஒரகடம் சாலையில் இருசக்கர வாகனத்தில் வருவோர் புழுதிக்காகவே கவசத்தைத் தொடர்ந்தனர். வாலாஜாபாத், உத்திரமேரூர் பக்கத்துக் கல்குவாரிகளிலிருந்து ஜல்லியும் எம்-சாண்டும் ஏற்றிய வண்டிகள் இவ்வழியே செல்கின்றன. தூசி ஒவ்வாமை உள்ளோருக்குத் தும்மல் குறைந்தது. கைக்குட்டையோ துப்பட்டாவோ பெரும் புழுதியைத் தடுத்தாலும் நுண்துகளைத் தடுப்பதில்லை என்பதை இங்கு நினைவில் கொள்ள வேண்டும்.

ஒரு முரண்பாடும் இருந்தது. காற்று வடிகட்டப்படும் உற்பத்திக் கூடத்தில் கவசம் கண்டிப்பாகக் கவனிக்கப்பட்டது. ஆனால் கேன்டீனில் எதிரெதிரே அமர்ந்து உண்ணும்போதும், விடுதி அறையில் பலர் சேர்ந்து உறங்கும்போதும் கவசம் அணிய வழியில்லை. தொற்றுக்கு வாய்ப்பு மிகுந்த இடங்கள் அவையே.

2021 மே: கவசம் மட்டும் போதுமா?

இரண்டாம் அலையில், 2021 மே மாதம், தமிழ்நாட்டில் ஒரே நாளில் 36,000-க்கும் மேற்பட்ட தொற்றுகள் பதிவாயின. ஊரடங்கு இருந்தபோதும் வாகன ஆலைகள் இயங்க அனுமதிக்கப்பட்டன. ரெனோ – நிசான் தொழிலாளர் சங்கம், ஆலையில் உடல் இடைவெளி பேணப்படவில்லை என்று கூறிச் சென்னை உயர் நீதிமன்றத்தை அணுகியது. நிறுவனம் அதை மறுத்தது. ஹூண்டாய் ஆலையில் தொழிலாளர்கள் உள்ளிருப்புப் போராட்டம் நடத்திய பின், மே 25 முதல் ஐந்து நாள்களுக்கு உற்பத்தி நிறுத்தப்பட்டது. ரெனோ – நிசான் ஆலையும் மே 26 முதல் 30 வரை மூடப்பட்டது.

அப்போது இப்பகுதியின் ஆலைகளில் முகக்கவசம் கட்டாயமாகத்தான் இருந்தது. ஓடும் லைனில் ஆளுக்கு ஆள் உள்ள இடைவெளியே தொழிலாளர் எழுப்பிய கேள்வி. தொழிற்பாதுகாப்பு இயல் வகுத்துள்ள வரிசையும் இதையே சொல்கிறது. முதலில் ஆபத்தை நீக்க வேண்டும். இயலாவிட்டால் குறைந்த ஆபத்துள்ள ஒன்றை மாற்றாகக் கொள்ள வேண்டும். அடுத்து காற்றோட்டம், புகை உறிஞ்சி போன்ற பொறியியல் ஏற்பாடுகள். பிறகு வேலை நேரம், ஆள் எண்ணிக்கை போன்ற நிர்வாக மாற்றங்கள். இறுதியாகவே தனிநபர் காப்புப் பொருள்கள். 1948ஆம் ஆண்டின் தொழிற்சாலைகள் சட்டத்தின் 14ஆவது பிரிவும் தூசியையும் புகையையும் அவை தோன்றும் இடத்திலேயே உறிஞ்சி வெளியேற்றும் ஏற்பாட்டை வலியுறுத்தியது.

ஆய்வுகள் கூறுவது

வங்காளதேசத்தில் 2020–21இல் 600 ஊர்களில், 3 லட்சத்துக்கும் மேற்பட்ட பெரியவர்களிடையே ஒரு பெரிய ஆய்வு நடைபெற்றது. இலவசக் கவசமும் விழிப்புணர்வும் வழங்கப்பட்ட ஊர்களில் கவசம் அணிவோர் 13 விழுக்காட்டிலிருந்து 42 விழுக்காடாக உயர்ந்தனர். அறிகுறியுடன் கூடிய உறுதிசெய்யப்பட்ட தொற்று ஏறக்குறைய 9 விழுக்காடு குறைந்தது. அறுவைச் சிகிச்சைக் கவசம் வழங்கிய ஊர்களில் 60 வயதைக் கடந்தோரிடம் இக்குறைவு 35 விழுக்காடாக இருந்தது.

2023 ஜனவரியில் வெளியான காக்ரேன் தொகுப்பாய்வு, சமூக அளவில் கவசத்தை ஊக்குவிப்பதால் விளையும் பயன் பற்றி உறுதியான முடிவுக்கு வர இயலவில்லை என்றது. இதைக் 'கவசம் பயனற்றது' என்று பலர் விளக்கினர். அவ்வாறு பொருள் கொள்வது தவறு என்று அவ்வமைப்பின் தலைமை ஆசிரியரே பின்னர் தெளிவுபடுத்தினார். நல்ல கவசம் துகளை வடிகட்டுகிறது என்பது ஆய்வகத்தில் நிறுவப்பட்டது. மக்கள் அதை எவ்வளவு நேரம், எவ்வளவு சரியாக அணிகின்றனர் என்பதைப் பொறுத்தே சமூக அளவிலான பயன் அமைகிறது.

தொடர வேண்டுமா?

எல்லோரும் எந்நேரமும் அணிய வேண்டிய தேவை இன்று இல்லை. ஆயினும் கீழ்க்காணும் சூழல்களில் தொடர்வது பயன் தரும்.

• இருமல், சளி, காய்ச்சல் உள்ளவர் பிறருடன் இருக்க நேரும்போது. இங்கு அறுவைச் சிகிச்சைக் கவசமே போதுமானது.
• மருத்துவமனைக்குச் செல்லும்போதும், முதியோர், கர்ப்பிணிகள், சர்க்கரை நோயாளிகள் ஆகியோரைக் கவனிக்கும்போதும்.
• காய்ச்சல் பரவும் பருவங்களில் நெரிசலான பஸ்ஸில் செல்லும்போது. 2023 மார்ச்சில் இன்ஃபுளுவென்சா பரவியபோது தமிழ்நாடு அரசு ஒரே நாளில் 1,000 காய்ச்சல் முகாம்களை நடத்தியது.
• தூசி, வெல்டிங் புகை, வேதி ஆவி உள்ள பணிகளில். இது விருப்பத்தைச் சார்ந்ததன்று. பணிக்கு ஏற்ற கவசத்தை நிறுவனமே வழங்க வேண்டும்.

இங்கு ஊதியம் பற்றிய ஒரு செய்தியையும் சேர்த்தே பார்க்க வேண்டும். இ.எஸ்.ஐ. திட்டத்தில் தகுதியுள்ள தொழிலாளருக்கு நோய்க்கால உதவியாக ஊதியத்தில் 70 விழுக்காடு, ஆண்டுக்கு 91 நாள்கள் வரை கிடைக்கும். ஆனால் பொதுவாக நோயின் முதல் இரண்டு நாள்களுக்கு இது கிடைப்பதில்லை. ஃபுளூ காய்ச்சல் பிறருக்கு மிகுதியாகத் தொற்றுவதும் அந்த முதல் சில நாள்களில்தான். நாள் ஊதியத்தை இழக்க இயலாத ஒப்பந்தத் தொழிலாளர் காய்ச்சலோடு பணிக்கு வருகிறார். அவர் அணியும் கவசம் லைனில் அருகே நிற்பவரை ஓரளவு காக்கும். அவர் வீட்டிலிருந்து ஓய்வெடுத்தால் முழுமையாகக் காக்கும். எனவே 'முகக்கவசத்தைத் தொடர வேண்டுமா' என்ற கேள்வி, ஊதியத்துடன் கூடிய நோய் விடுப்பு அவருக்கு உண்டா என்ற கேள்வியோடு இணைந்தது.

பயன்படுத்தும் முறை

கவசம் மூக்கு, வாய், தாடை மூன்றையும் மூட வேண்டும். மூக்குக் கம்பியை அழுத்திப் பொருத்தினால் கண்ணாடியில் ஆவி படிவது குறையும். ஈரமானவுடன் மாற்ற வேண்டும். எனவே ஷிப்டுக்கு இரண்டு கவசங்கள் வைத்துக்கொள்வது நல்லது. தாடைக்குக் கீழே இறக்கிவிடுவதும், ஒருவருடையதை மற்றவர் அணிவதும் கூடாது. பொதுமக்கள் பயன்படுத்திய கவசத்தை வெட்டி, காகிதப் பையில் 72 மணி நேரம் வைத்திருந்த பின் குப்பையில் சேர்க்குமாறு மத்திய மாசுக் கட்டுப்பாட்டு வாரியம் பெருந்தொற்றுக் காலத்தில் அறிவுறுத்தியது. பாலிப்ரோப்பிலீன் ஒருவகைப் பிளாஸ்டிக் என்பதால் அது எளிதில் மட்காது. சாலையோரத்திலும் ஏரிக்கரையிலும் வீசக் கூடாது.