கம்மந்தான் கான் சாகிபு

மதுரை நகரின் மேற்கே சம்மட்டிபுரத்தில் கான் சாகிபு பள்ளிவாசல் என்று வழங்கும் ஒரு சமாதி இருக்கிறது. அங்கே அடக்கமாகியிருப்பது முழு உடலன்று. 1764 அக்டோபர் 15-ஆம் தேதி மதுரைக்கருகே தூக்கிலிடப்பட்ட முகம்மது யூசுப் கானின் தலையும் கைகால்களும் திருச்சிக்கும் பாளையங்கோட்டைக்கும் மற்ற ஊர்களுக்கும் அனுப்பப்பட, எஞ்சிய உடலையே இங்கே புதைத்தார்கள் என்பது வழிவழிச் செய்தி. செத்த மனிதனிடத்திலும் அத்தனை அச்சம் கொள்வதற்குக் காரணம் என்ன?

இராமநாதபுரம் சீமையைச் சேர்ந்த பனையூரில் பிறந்தவர் அவர். மருதநாயகம் என்பது இயற்பெயர் என்பர். கும்பினிப் படையில் சிப்பாயாகப் புகுந்த இவர், திருச்சிராப்பள்ளி முற்றுகையின்போது மேஜர் லாரன்ஸின் படைக்கு வரவேண்டிய உணவு வண்டிகளைப் பகைவர் கண்ணில் மண்ணைத் தூவிக் கொண்டுவந்து சேர்த்தார். தங்கப் பதக்கமும் சிப்பாய்ப் படைகளின் கம்மந்தான் பதவியும் கிடைத்தன. 1758-59-ல் பிரெஞ்சுத் தளபதி லாலி சென்னைக் கோட்டையை வளைத்துக்கொண்டபோது, வெளியே நின்று அவன் படையை ஓயாது அலைக்கழித்தவரும் இவரே. அதன்பின் மதுரை, திருநெல்வேலிச் சீமைகள் இவருடைய ஆட்சிக்கு வந்தன. 1761-ல் ஆண்டுக்கு 7 லட்சம் ரூபாய் குத்தகை.

ஆட்சி எப்படி இருந்தது? கொள்ளை அடங்கியது, கண்மாய்கள் பழுது பார்க்கப்பட்டன, நெசவும் வியாபாரமும் தழைத்தன. யுத்தக் குழப்பத்தில் தடைப்பட்டிருந்த மீனாட்சியம்மன் கோயில் பூஜைகள் மீண்டும் நடக்க வழி செய்தவர் இவரே என்று மதுரைச் சரித்திரம் எழுதியோர் கூறுகின்றனர்.

ஆயினும் ஒன்றை நாம் மறைத்தல் தகாது. கும்பினிக்கும் நவாபுக்கும் கப்பம் கட்ட மறுத்துப் போரிட்ட பூலித்தேவரின் நெற்கட்டும் செவ்வலையும் வாசுதேவநல்லூரையும் 1761-ல் வீழ்த்தியது இந்தக் கம்மந்தானின் பீரங்கிதான். தேசாபிமானிகள் சிலர் அவரைப் போற்றும்போது இப்பகுதியை விரைந்து கடந்துவிடுகிறார்கள். நமக்கு அது சம்மதமன்று. அவருடைய முடிவை விளக்குவதே அப்பகுதிதான்.

கும்பினியாருக்கு வெற்றி தேடிக்கொடுத்தவரை ஆர்க்காட்டு நவாப் முகம்மது அலியின் ஊழியராக்கினார்கள் கும்பினியார். குத்தகைப் பணத்தையும் நவாபிடமே செலுத்தவேண்டும் என்றார்கள். தாம் வென்ற நாட்டில் தாம் வேலைக்காரனா என்று அவருடைய மானம் கொதித்தது. 1763-ல் வெளிப்படையாகவே எதிர்த்து நின்று, மதுரைக் கோட்டையில் பிரெஞ்சுக் கொடியை ஏற்றினார். அதே ஆண்டு பிப்ரவரியில் பாரிஸில் இரு வல்லரசுகளும் சமாதானம் செய்துகொண்டன! கொடி இருந்தது, கொடிக்குரியவன் துணைக்கு வரவில்லை.

அண்டை அயலார் வருவார்களா? மேற்கே பாளையங்களைத் தாமே நசுக்கியாயிற்று, 1762-ல் திருவிதாங்கூரோடு சண்டை, சிவகங்கையோடு மனக்கசப்பு. கடல் கடந்த ஒரு மனிதரை இங்கே நினைத்துப் பார்க்கலாம். அமெரிக்காவில் ஜார்ஜ் கிளிண்டன் என்பவர் இதே காலத்தில், இதே பிரெஞ்சுக்காரருக்கெதிராக, ஆங்கிலேயர் பக்கம் நின்று போரிட்டவர். பின்னர் சுதந்திரப் படையின் தளபதிகளில் ஒருவராகி, 1777-ல் நியூயார்க் ராஜ்யத்தின் முதல் கவர்னரானார். 1812-ல் உதவி ஜனாதிபதியாகவே காலமானார். வீரத்தில் நம்மவர் அவருக்கு இளைத்தவரல்லர். அவரோடு பதின்மூன்று குடியேற்ற நாடுகள் கைகோத்து நின்றன. யூசுப் கானோடு நின்றது ஒரு கோட்டை மட்டுமே.

அந்தக் கோட்டையோ எளிதில் பணியவில்லை. 1763-ல் வந்த கர்னல் மான்சனின் முற்றுகை தோற்றுத் திரும்பியது. மறு ஆண்டு மேஜர் காம்பெல் வந்தான். 1764 ஜூன் 26-ஆம் தேதி கோட்டையின்மேல் பாய்ந்த வெள்ளைப் படை பெருஞ்சேதத்தோடு விரட்டப்பட்டது. பீரங்கியால் ஆகாததைப் பசியால் முடிப்பதென்று காம்பெல் வழிகளையெல்லாம் அடைத்தான். முன்பு திருச்சியில் முற்றுகைக்குள் இருந்தோருக்குச் சோறு கொண்டுவந்தவருக்கு, மதுரையில் சோறு கொண்டுவர ஆளில்லை.

பிறகு நடந்ததைச் சொல்ல நமக்குக் கூசுகிறது. அக்டோபர் 13-ஆம் தேதி, தொழுகையில் இருந்த தலைவனை அவருடைய சொந்த மனிதர்களே பாய்ந்து பிடித்துக் கட்டினார்கள். திவான் ஸ்ரீநிவாச ராவ், வைத்தியர் பாபா சாகிபு, பிரெஞ்சுத் தளபதி மார்ச்சந்த் ஆகிய மூவரும் சதிக்குத் தலைமை தாங்கினர். ஹிந்து, முஸ்லிம், பரங்கி என்ற பேதமில்லாத ஒற்றுமை, பாவம், இந்த ஒரு காரியத்தில் மட்டும் கைகூடிற்று! இரண்டே நாளில் நவாபின் கட்டளைப்படி தூக்கு. கயிறு அறுந்து அறுந்து விழுந்தது என்று ஜனங்கள் இன்றும் சொல்கிறார்கள்.

மதுரை தன் கைக்கு வந்துவிட்டதென்று முகம்மது அலி மகிழ்ந்தான். 1801-ல் அவன் வம்சத்தாரிடமிருந்து கர்நாடகம் முழுவதையும் கும்பினியே எடுத்துக்கொண்டது. அதற்கு ஏழாண்டுக்குப் பின், 1808-ல், ஷேக் இமாம் என்பவர் சம்மட்டிபுரத்துச் சமாதியின்மேல் பள்ளிவாசலை எழுப்பினார். நகரத்துக்குள்ளே கான்சா மேட்டுத் தெருவும் அவர் பெயரைத் தாங்கி நிற்கிறது.