பாங்கு வேலையை விட்டார், பஸ் விட்டார்!

வருசநாட்டு மலையில் பிறக்கும் வைகை ஆறு மதுரைக்குப் போவதற்கு யாருடைய தயவும் வேண்டியதில்லை. வருசநாட்டு மக்களுக்கு அப்படி முடியுமா? அவர்களுக்கு பஸ் வேண்டும்.

இலவம்பஞ்சு விளைகிறது. தேங்காய் விளைகிறது. விளைந்தால் போதாது, சந்தைக்குப் போக வேண்டும். பிள்ளைகள் கல்லூரிக்குப் போக வேண்டும். பிரசவ வலி கண்ட பெண் ஆஸ்பத்திரிக்குப் போக வேண்டும். தேனியில் புறப்பட்டு, கடமலைக்குண்டு, மயிலாடும்பாறை வழியாக வரும் பஸ் ஒரு நாள் நின்றால் ஊரே நின்ற மாதிரிதான்!

இந்தப் பகுதி முழுவதும் மதுரை ஜில்லாவில் சேர்ந்திருந்த காலம் ஒன்று உண்டு. நூறு ஆண்டுகளுக்கு முன், அப்போது மாட்டு வண்டிதான் கதி. அந்த மதுரைக்கு முதன்முதலாக பஸ்சைக் கொண்டு வந்தவர் பாங்கில் வேலை பார்த்தவர் என்றால் நம்ப முடிகிறதா?

அவர்தான் டி.வி.சுந்தரம் அய்யங்கார். 'டி.வி.எஸ்.' என்றால் சிறு பிள்ளைக்கும் தெரியும்.

மூன்று உத்தியோகம்

நெல்லைச் சீமையில் உள்ள திருக்குறுங்குடியில் 1877-ம் ஆண்டு பிறந்தார். தகப்பனாரின் விருப்பப்படி முதலில் வக்கீல் தொழில் பார்த்தார். பிறகு ரெயில்வே உத்தியோகம். அதன் பிறகு பாங்கு உத்தியோகம்.

மாதம் பிறந்தால் சம்பளம். ஊரில் மரியாதை. பெண் கொடுக்கிறவர்கள் வீடு தேடி வருவார்கள். அப்படிப்பட்ட வேலையை ஒருவர் உதறினால் சொந்தக்காரர்கள் என்ன சொல்வார்கள் என்பதை எழுத வேண்டியதில்லை. இன்றைக்கும் அதையேதான் சொல்கிறார்கள்!

அவர் உதறினார். 1911-ம் ஆண்டில் மதுரையில் சொந்தத் தொழிலைத் தொடங்கினார். அப்போது வயது 34.

மோட்டார் வண்டி கடல் தாண்டி வர வேண்டிய காலம் அது. அதன் உதிரிச் சாமானும் அப்படியே. சாலைகளோ மாட்டு வண்டிக்காகப் போட்டவை. மாட்டின் காலிலிருந்து விழுந்த லாட ஆணிகள் வழியெல்லாம் கிடக்கும். ஆணி ஏறினால் டயர் பஞ்சர். பஞ்சரானால் பஸ் நிற்கும். பஸ் நின்றால் ஜனங்கள் மறுநாள் மாட்டு வண்டியையே தேடுவார்கள்.

இதற்கு அவர் என்ன செய்தார் தெரியுமா? காந்தம் கட்டிய வண்டி ஒன்றை முன்னால் ஓட விட்டு, சாலையில் கிடந்த ஆணிகளைப் பொறுக்கினார் என்று சொல்வார்கள்.

நேரம் தவறாத பஸ்

அவருடைய பஸ் ஊருக்குள் வருவதைப் பார்த்து மணியைச் சரி செய்து கொள்ளலாம் என்று மதுரைப் பக்கத்தில் பேச்சு உண்டு. ஒரு நிமிஷம் முன்னால் இல்லை, ஒரு நிமிஷம் பின்னால் இல்லை.

இது எங்கிருந்து வந்த பழக்கம்? ரெயில்வேயில் நேரம்தான் தெய்வம். பாங்கில் மாலையில் கணக்கு ஒரு காசு குறைந்தாலும் வீட்டுக்குப் போக முடியாது. அவர் நாற்காலியை விட்டார், நாற்காலியில் கற்றதை விடவில்லை. அவர் ஜெயித்த ரகசியம் துணிச்சலை விட இதில்தான் அதிகம் இருக்கிறது.

இரண்டாம் உலகப் போர் வந்தது. பெட்ரோலுக்குப் பஞ்சம். பல வண்டிகள் ஷெட்டில் முடங்கின. சுந்தரம் அய்யங்கார் மரக்கரியை எரித்து, அதில் வரும் வாயுவால் மோட்டாரை ஓட்டும் கருவியைச் செய்ய வைத்தார். 'டி.வி.எஸ். காஸ் பிளாண்ட்' என்று அதற்குப் பெயர். பெட்ரோல் இல்லாமலே பஸ் ஓடியது!

இன்றைக்கும் நடக்கிறது

அமெரிக்காவில் ஜெப் பெசோஸ் என்பவர் 1994-ல் நியூயார்க் முதலீட்டுக் கம்பெனி வேலையை விட்டு, இன்டர்நெட்டில் புத்தகம் விற்கக் கிளம்பினார். அதுதான் அமேசான். நம் நாட்டில் பல்குனி நாயர் என்ற அம்மையார் 2012-ல், ஐம்பது வயதை நெருங்கும்போது, கோட்டக் மகிந்திரா வேலையை விட்டார். அழகுசாதனப் பொருள் விற்கும் 'நைகா'வைத் தொடங்கினார்.

ஆனால் வேலையை விட்டவர்கள் எல்லாரும் டி.வி.எஸ். ஆகிவிடவில்லை. கடையைத் திறந்து ஆறு மாதத்தில் பூட்டியவர்களின் கதையை யாரும் அச்சடிப்பதில்லை. அவர்கள் வீட்டுப் பெண்களின் நகை இன்னும் அடகுக் கடையிலேயே இருக்கும். வருசநாட்டிலிருந்து படித்துப் போய் பாங்கில் உட்கார்ந்திருக்கும் தம்பி, ராஜினாமா எழுதுமுன் ஓர் ஆண்டு வீட்டுச் செலவைத் தனியாக எடுத்து வைத்தானா என்று தாயார் கேட்டால் அது தடை அல்ல, நியாயம். தேனியில் உள்ள மாவட்டத் தொழில் மையத்துக்கும் ஒரு நடை போய் வரலாம். படித்த புதுத் தொழில்முனைவோருக்கு 2012-ல் வந்த 'நீட்ஸ்' திட்டத்தில் முதலீட்டுக்கு 25 சதவீத மானியம் உண்டு.

சுந்தரம் அய்யங்காரின் பஸ்கள் இன்று இல்லை. 1972-ல் அரசு பஸ்களை ஏற்று, மதுரையில் பாண்டியன் போக்குவரத்துக் கழகத்தைத் தொடங்கியது. அதற்குள் அந்தக் குடும்பம் வேறு பல தொழில்களில் காலூன்றி விட்டது.

அவற்றில் ஒன்று வேடிக்கையானது. பாங்கு வேலை வேண்டாம் என்று வந்தவரின் மகன் டி.எஸ்.சந்தானம், 1954-ல் சென்னையில் ஒரு கம்பெனி தொடங்கினார். லாரியும் பஸ்சும் வாங்குகிறவர்களுக்குக் கடன் கொடுப்பது அதன் தொழில். பெயர் சுந்தரம் பைனான்ஸ். மறு வருடம், 1955-ல், சுந்தரம் அய்யங்கார் கோடைக்கானலில் காலமானார்.