எரர் போச்சு, ராகமும் போச்சு

இந்த எபிசோடை உத்திரமேரூர்ல, பெரியப்பா வீட்டுத் திண்ணையில உட்கார்ந்து ரெக்கார்ட் பண்றேன். நடுவுல டிராக்டர் சத்தம் வந்தா பொறுத்துக்கோங்க.

பெரியப்பா நாகஸ்வரம் வாசிக்கறவர். அடுத்த மாசம் அவருக்கு சதாபிஷேகம். வெளிநாட்டுல வளர்ந்த பேத்தி வயலின் வாசிப்பா, ஆனா ஸ்டாஃப் நொட்டேஷன்தான் படிக்கத் தெரியும். தாத்தாவோட சேர்ந்து வாசிக்கணும்னு ஆசைப்பட்டா. அவர் நோட்டுல இருக்கற சரளி வரிசையை ஸ்டாஃபா மாத்தற வேலை என் தலையில விழுந்துச்சு.

நான் எடுத்தது லில்லிபாண்ட். நெதர்லாந்தைச் சேர்ந்த ஹான்-வென் நியன்ஹாய்ஸ், யான் நியூவென்ஹாய்சன் ரெண்டு பேரும் 1996ல தொடங்கின இலவச மென்பொருள். மவுஸால நோட் வைக்க முடியாது. புரோகிராம் மாதிரி டைப் பண்ணி கம்பைல் பண்ணினா, அச்சுப்போட்ட மாதிரி பிடிஎஃப் வரும்.

எனக்கு வந்தது நூத்துக்கும் மேல எரர். எல்லாமே 'டிஎஃப்' ஒரு நோட் பேரே இல்லைங்கற ஒரே புகார். ராத்திரி பதினொன்னு. நான் என்ன செஞ்சேன் தெரியுமா? ஃபைண்ட்-ரீப்ளேஸ் போட்டு அந்த 'எஃப்' எல்லாத்தையும் தூக்கிட்டேன். சுத்தமா கம்பைல் ஆச்சு. பிடிஎஃப்பை அனுப்பிட்டுத் தூங்கிட்டேன்.

காலையில கீபோர்டுல வாசிச்சுக் காட்டினேன். பெரியப்பா ரெண்டாவது ஸ்வரத்துலயே நிறுத்தினார். "டேய், மாயாமாளவகௌளை எங்கடா? இது சங்கராபரணம்."

ஸட்ஜத்தை சி-ல வெச்சா, மாயாமாளவகௌளையில ரி-யும் த-வும் ஃப்ளாட். நான் தூக்கினது அந்த ஃப்ளாட்டைத்தான். லில்லிபாண்டுக்கு ராகம் தெரியாது. எழுத்து சரியா இருந்தா அதுக்குப் போதும்.

உண்மையான தப்பு ஃபைலோட தலையில இருந்துச்சு. லில்லிபாண்ட்ல நோட் பேர்கள் இயல்பாவே டச்சு மொழியில இருக்கும். டி ஃப்ளாட்டுக்கு 'டெஸ்', ஏ ஃப்ளாட்டுக்கு 'ஏஸ்'. 'டிஎஃப்' வேணும்னா மேல லாங்குவேஜ் இங்கிலிஷ்னு ஒரு லைன் வேணும். பழைய ஃபைல்லேர்ந்து காப்பி பண்ணும்போது அதை விட்டுட்டேன். நூறு எரருக்கும் மருந்து அந்த ஒரு லைன்.

அதனால எப்பவும் முதல் எரரை மட்டும் பாருங்க. அதைச் சரிபண்ணி மறுபடி கம்பைல் பண்ணுங்க, பாதி தானா மறையும். 14:9னு வந்தா 14ஆவது லைன், 9ஆவது இடம். ஆனா அது மென்பொருள் தடுக்கி விழுந்த இடம்தான், கல் கொஞ்சம் முன்னாடி கிடக்கலாம். மூடாத அடைப்புக்குறிக்கு ஃபைலோட கடைசி லைனைக் காட்டும். எதுவுமே புரியலைன்னா பாதிப் பாட்டை கமெண்ட் பண்ணிட்டு ஓட்டிப் பாருங்க, எந்தப் பாதியில வம்புன்னு தெரிஞ்சுடும்.

வார்னிங்கையும் தள்ளிவிடாதீங்க. ஒவ்வொரு பாரோட முடிவுலயும் ஒரு நேர்கோடு போட்டா, கணக்கு உதைக்கற இடத்துல 'பார்செக்' தோத்துச்சுன்னு சொல்லும். ஒரு நோட்டுக்குக் கொடுத்த கால அளவு அடுத்த நோட்டுக்கும் தொடரும், பெரும்பாலும் அங்கதான் தாளம் தப்பும்.

இப்ப ஸ்கோருக்குள்ள மிடியும் சேர்த்திருக்கேன். லேஅவுட்டும் கூட இருக்கணும், மிடி மட்டும் போட்டா பிடிஎஃப் வராது. அந்த மிடியைப் பெரியப்பா கேட்டுத் தலையாட்டினப்புறம்தான் எதுவும் வெளியே போகும். கமகம் இதுல வராது, அதைத் தாத்தாகிட்டயே கேட்டுப் பிடிச்சுக்கட்டும்.

புது பிடிஎஃப் நேத்து பேத்திக்குப் போயிடுச்சு. "பழசை அழிச்சுடும்மா"ன்னு தனியா ஒரு மெசேஜும் போட்டிருக்கேன்.