பிள்ளைகளின் மூச்சும் உறக்கமும்: பல் சீரமைப்பு எந்த அளவுக்கு உதவும்?

உணவைப் போன்றே உறக்கமும் வளரும் பிள்ளைகளுக்கு இன்றியமையாதது. ஆறு முதல் பன்னிரண்டு வயது வரையுள்ள பிள்ளைகள் நாள்தோறும் 9 முதல் 12 மணி நேரம் உறங்க வேண்டும் என்பது மருத்துவர்களின் பரிந்துரை. விடியுமுன் பெரட்டுக்குப் புறப்படும் பெற்றோர், பிள்ளை குறட்டை விட்டு உறங்குவதைக் கண்டு, அயர்ந்து தூங்குகிறான் என மனநிறைவு கொள்வதுண்டு. ஆனால், அடிக்கடி கேட்கும் குறட்டை நல்ல உறக்கத்தின் அடையாளம் அன்று. மூச்சு செல்லும் வழி குறுகியிருக்கலாம் என்பதற்கான எச்சரிக்கையே அது.

கவனிக்க வேண்டிய அறிகுறிகள்

வாரத்தில் மூன்று இரவுகளோ அதற்கு மேலோ குறட்டை விடுதல், உறக்கத்தில் மூச்சு சற்று நின்று பின் திணறி எழுதல், வாயைத் திறந்தபடி உறங்குதல், படுக்கையை நனைத்தல், காலையில் தலைவலி ஆகியவற்றைப் பெற்றோர் கவனித்தல் வேண்டும். இத்தகைய பிள்ளை பள்ளியில் தூங்கி வழியலாம். அல்லது ஓரிடத்தில் அமராமல் துறுதுறுவென்று அலையலாம். அதனைச் சோம்பேறி என்றோ அடங்காதவன் என்றோ தண்டிப்பதில் பயனில்லை.

அமெரிக்காவில் கிறிஸ்டியன் கில்மினோ என்னும் மருத்துவரும் அவருடைய குழுவினரும், உறக்கத்தில் மூச்சுத் தடைபட்ட எட்டுப் பிள்ளைகளைப் பற்றி 1976 ஆம் ஆண்டில் எழுதினர். அதன் பின்னரே இந்நோய் பிள்ளைகளையும் தாக்கும் என்பது பரவலாக உணரப்பட்டது. நூறு பிள்ளைகளில் ஒருவர் முதல் ஐவர் வரை இதனால் துன்புறுவதாக இன்று மதிப்பிடப்படுகிறது.

பல்லுக்கும் மூச்சுக்கும் என்ன தொடர்பு?

வெட்டுக் கோட்டில் கட்டிப்பால் அடைத்துக்கொண்டால், பால் வழி மாறிப் பட்டையில் வடிவதை நாம் அறிவோம். அதுபோலவே மூக்கு அடைபட்டால் மூச்சு வாய்வழியே செல்கிறது. தொண்டைச் சதை வீங்குதல், மூக்கின் பின்னுள்ள அடினாய்டு சதை பெருத்தல், தூசியால் வரும் ஒவ்வாமை ஆகியவை இதற்குப் பெரும்பாலான காரணங்கள்.

மேல்வாயின் கூரையே மூக்கின் தளமாகும். ஆகவே மேல்தாடை குறுகியிருந்தால் மூக்கின் உட்புறமும் குறுகியிருக்கக்கூடும். சிறு வயதில் மேல்தாடையின் இரு பாதிகளும் நடுவே முழுமையாக இறுகியிருப்பதில்லை. அதனால், திருகு பொருத்திய கருவியொன்றை மேற்பற்களில் பொருத்தித் தாடையைச் சிறிது சிறிதாக விரிக்க இயலும். ஒருமுறை திருகினால் ஏறத்தாழ கால் மில்லிமீட்டர் விரியும். விரிந்த இடத்தில் புதிய எலும்பு வளரும்வரை, கருவி சில மாதங்கள் வாயிலேயே இருத்தல் வேண்டும். இம்முறையை அமெரிக்கப் பல் மருத்துவர் எமர்சன் ஏஞ்சல் 1860 ஆம் ஆண்டிலேயே எடுத்துரைத்தார். பருவமடையுமுன் செய்வதே எளிது.

அளவறிந்து நம்புக

பற்கம்பி கட்டினால் குறட்டை நின்றுவிடும் என எண்ணுதல் தவறு. தொண்டைச் சதையும் அடினாய்டும் பெருத்துள்ள பிள்ளைக்கு, அவற்றை அறுவை மருத்துவத்தால் அகற்றுவதே வழக்கமான முதற் சிகிச்சை. மேல்தாடை உண்மையிலேயே குறுகியுள்ள பிள்ளைகளுக்கே விரிவுக்கருவி பொருந்தும். மூச்சுத்தடையைத் தடுப்பதற்கென்று மட்டும் தாடையை விரித்தல் தகாது என்று அமெரிக்கப் பல் சீரமைப்பு மருத்துவர் சங்கம் 2019 ஆம் ஆண்டில் அறிவுறுத்தியது. நோயை உறுதிசெய்ய இரவு உறக்கத்தை ஆராயும் சோதனை தேவைப்படலாம்.

எங்கே செல்வது?

ஒரு காலத்தில் ரப்பரும் செம்பனையும் நிறைந்த சுங்கை ரெங்காம் தோட்டப் பகுதியாக இருந்து, 1978 ஆம் ஆண்டில் சிலாங்கூரின் தலைநகரான ஷா ஆலமிலும், அதனை அடுத்த கிள்ளானிலும் அரசாங்க மருத்துவமனைகளும் பல் மருந்தகங்களும் உள்ளன. ஷா ஆலமைத் தலைமையிடமாகக் கொண்ட மாரா தொழில்நுட்பப் பல்கலைக்கழகம் 2006 ஆம் ஆண்டில் தொடங்கிய பல் மருத்துவப் பிரிவு, இப்போது சுங்கை பூலோவில் இயங்குகிறது. முதலில் அருகிலுள்ள சுகாதார மருந்தகத்தில் குறட்டையைப் பற்றிக் கூறுங்கள். பள்ளிக்குப் பல் மருத்துவக் குழு வரும்போதும் இதனைத் தெரிவியுங்கள். அவர்கள் தக்க நிபுணரிடம் அனுப்புவர்.

மலிவு விலையில் பற்கம்பி மாட்டுவதாகக் கூறும் போலிகளிடம் பிள்ளையை ஒப்படைக்காதீர்கள். பதிவு பெறாதவர் பல் மருத்துவம் செய்வது 2018 ஆம் ஆண்டுப் பல் மருத்துவச் சட்டப்படி குற்றமாகும். கைதேராதவர் மாட்டும் கம்பியால் பற்கள் ஆட்டம் காணவும் ஈறு புண்படவும் கூடும்.

வீட்டில் புகைபிடித்தலையும் கொசுவர்த்திப் புகையையும் தவிர்த்து, படுக்கையைத் தூசியின்றி வைத்து, பிள்ளைகளைக் குறித்த நேரத்தில் உறங்கச் செய்யுங்கள். பெற்றோர்களே! இன்றிரவு பிள்ளையின் அருகில் சில நிமிடங்கள் அமர்ந்து, அதன் மூச்சைக் கேளுங்கள். அங்கே நீங்கள் கண்டதே மருத்துவருக்கு முதல் துணையாகும்.