இணையப் பக்கங்களை இயற்றுதலில் வினைத்திறன்

இணையப் பக்கங்கள் இருவகைப்படும். முன்னரே எழுதிவைக்கப்பட்டுக் கேட்பார்க்கெல்லாம் அவ்வண்ணமே அனுப்பப்படுவன ஒருவகை. கேட்பவர் யார், கேட்ட பொழுது எது என்பவற்றை நோக்கிச் சேவையகக் கணினி அவ்வப்போது புதிதாய் இயற்றித் தருவன மற்றொருவகை. வங்கிக் கணக்கையும் பரீட்சைப் பெறுபேற்றையும் காட்டும் பக்கங்கள் பின்னைய வகையின. அவற்றை இயற்றும் செலவைக் குறைக்கப் புகுவோர் அதற்கீடாக எதனை இழக்கின்றனர் என்பதே ஈண்டு ஆராயப்படும்.

1993 ஆம் ஆண்டில், அமெரிக்காவின் இலினோய் பல்கலைக்கழகத்தைச் சார்ந்த மீக்கணினி மையத்தில் ‘பொது வாயில் இடைமுகம்’ என்னும் ஏற்பாடு தோன்றிற்று. அதன்படி, ஒவ்வொரு வேண்டுகோளுக்கும் செய்நிரலொன்று புதிதாய்த் தொடங்கப்பெற்று, பக்கத்தை எழுதி முடித்ததும் மடியும். விருந்தினர் வருந்தொறும் புதிய அடுப்பொன்று கட்டி, அவர் உண்டெழுந்ததும் அதனை இடித்துவிடுதலை இஃது ஒக்கும். பேர்ள் மொழியில் எழுதிய சிறு நிரலாயின், பக்கத்தை இயற்றும் உழைப்பினும் மொழிமாற்றியை நினைவகத்திற் கொணரும் உழைப்பே பெரிதாதலும் உண்டு.

1995 இல் ரஸ்மஸ் லெர்டோர்ஃப் வெளியிட்ட பி.எச்.பி. பின்னர் அப்பாச்சி சேவையகத்தினுள்ளேயே குடியேறி, அவ்வடுப்பை நிலையாக்கிற்று. ஆயினும், வேண்டுகோள் ஒன்று முடிந்ததும் அதற்கெனக் கணித்தவை யாவற்றையும் மறந்துவிடும் இயல்பை அது விட்டிலது. இம்மறதியை வீண் செலவெனப் பழிப்பர் சிலர். எமக்கு அஃது உடன்பாடன்று. ஒருவர்க்காகக் கணித்தது பிறர் பக்கத்திற் புகாமைக்கு அதுவே காவல். செய்நிரலை நெடும்பொழுது உயிருடன் வைத்திருக்கும் ஏற்பாடுகள் விரைவைத் தந்தன. அக்காவலையோ நிரலாளர் தலையில் ஏற்றின.

விரைவை நாடி முகநூல் நிறுவனம் வேறு வழி சென்றது. 2010 இல் அது அறிவித்த ‘ஹிப்ஹொப்’ என்னும் கருவி, பி.எச்.பி. நிரல்களைச் சி பிளஸ் பிளஸ் மொழிக்கு மாற்றித் தொகுத்தது. செயலியின் உழைப்பு ஏறத்தாழப் பாதி குறைந்ததென அந்நிறுவனம் கூறிற்று. ஆனால், சிறு திருத்தத்திற்கும் தளம் முழுவதையும் மீளத் தொகுத்தல் வேண்டியதாயிற்று. நிரலாளர் தம் மேசையிற் சோதித்த பொறி வேறு, மக்களுக்குப் பணிசெய்த பொறி வேறு. ஓடும்போதே தொகுக்கும் மற்றொரு பொறி 2013 இல் அதன் இடத்தைப் பெற்றது.

இவற்றினும் எளிய வழி, இயற்றிய பக்கத்தைச் சேமித்துவைத்து அடுத்துக் கேட்பவர்க்கும் வழங்குதலாம். எளிமையே அதன் இடர். 2015 டிசெம்பர் 25 இல், ஸ்டீம் என்னும் விளையாட்டு விற்பனைத் தளம் தாக்குதலுக்குள்ளாகி, வேண்டுகோள்கள் பன்மடங்கு பெருகின. சுமையைக் குறைத்தற்பொருட்டு அவசரமாகச் செய்த சேமிப்பு ஒழுங்கொன்று, பொதுப் பக்கங்களோடு தனியாரின் கணக்குப் பக்கங்களையும் சேமித்துப் பிறர்க்கு வழங்கிவிட்டது. அட்டைகளின் முழு இலக்கம் வெளிப்படவில்லை. எனினும், ஏறத்தாழ 34,000 பேரின் பக்கங்கள் அயலார் கண்ணிற் பட்டிருக்கலாம் என உரிமையாளரான வால்வ் நிறுவனம் அறிவித்தது. மின்னஞ்சல் முகவரியும் கொள்முதல் விவரமும் அவற்றில் இடம்பெற்றிருந்தன.