பழைய காருக்கு ஒரு ஹீட்டர்

மார்கழியில் ஊட்டிக்குப் போனால், எங்கள் பழைய அம்பாஸடருக்குள்ளேயே மாமியாருக்குப் பல் கிடுகிடுக்கும். 2,240 மீட்டர் உயரமாச்சே! இந்த வருஷம் கோவையிலேயே பட்டறையில் விட்டு ஹீட்டர் வைத்தோம். எஞ்சினைச் சுற்றி வரும் வெந்நீரை டேஷ்போர்டுக்கு அடியில் ஒரு குட்டி ரேடியேட்டருக்குத் திருப்புகிறார்கள். விசிறி அந்தச் சூட்டை உள்ளே தள்ளுகிறது. அவ்வளவுதான்.

"மொதல்ல புகைக்குழாயில ஓட்டை இருக்குதான்னு பாத்துப் போடோணுமுங்க" என்றார் மெக்கானிக். நியாயம்தானே? குளிருக்குக் கண்ணாடியை ஏற்றிவிட்டு உட்காருகிறோம். கார்பன் மோனாக்சைடுக்கு நிறமும் இல்லை, வாசனையும் இல்லை. தலைவலி, குமட்டல், கிறுகிறுப்பு வந்தால் கொண்டை ஊசி வளைவின் மேல் பழி போட்டுவிடுவோம்! உடனே வண்டியை நிறுத்தி எல்லோரும் இறங்கிவிடுங்கள். கரியடுப்பைக் காருக்குள் ஏற்றவே ஏற்றாதீர்கள்.

மேட்டுப்பாளையம் இறங்கியதும் வெந்நீர்க் குழாயின் வால்வை மூடிவிட வேண்டும். இல்லாவிட்டால் பாதம் வெந்துபோகும்!